ஒரு மாதச் சுவருக்கு எந்தக் கோடு: பென்சிலா, நூலா, டேப்பா, கோலமாவா?

ஒரு பள்ளி நூலகத்தின் வெற்றுச் சுவர் ஒரு மாதத்துக்கு உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 அடி அகலம், 8 அடி உயரம், டிஸ்டெம்பர் பூச்சு. மாதம் முடிந்ததும் பெயின்டர் வந்து அடித்துவிட்டுப் போவார். கேன்வாஸ், அக்ரிலிக் என்று செலவழிக்கப் பணம் கிடையாது. மேசை இழுப்பறையிலும் பக்கத்து ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கிற பொருளைக் கொண்டு, வெறும் கோடுகளால் ஆன ஒரு படைப்பைச் செய்யலாம் என்று நினைக்கிறீர்கள். உருவம் இல்லை, வண்ணம் இல்லை, ஓர் எண்ணமும் சில கோடுகளும் மட்டும். எதைக் கொண்டு வரைவது?

ஓவியம் சொல்லித்தரும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், சில சமயம் வாடகை வீட்டுக்காரர்கள். எல்லோரும் முதலில் விசாரிப்பது “எது நாள்பட நிற்கும்?” என்றுதான். ஒரு மாதத்துக்குப் பிறகு இருக்கவே போகாத ஒன்றுக்கு அந்தக் கேள்வி உதவாது. யார் வரையப் போகிறார்கள், பார்க்கிறவர் எங்கே நிற்பார், கடைசி நாளில் அது எப்படிப் போகும் என்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவதைத்தான் நான் முதலில் வைப்பேன். மறைந்துபோகும் படைப்பு ஒன்றில், அது மறையும் விதத்தையும் நாமே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைப் பெயின்டரின் வசதிக்கு விட்டுவிட்டால் படைப்பில் பாதி நம் கையை விட்டுப் போய்விடும்.

மறைந்த பிறகு ஒரு கோடு எப்படித் தங்குகிறது என்பதற்கு வரலாற்றில் தெளிவான வழிகள் உண்டு. 1967-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் லாங் என்ற 22 வயது மாணவர் ஒரு புல்வெளியில் மேலும் கீழும் நடந்து, புல் மடங்கி ஒரு நேர்கோடு தெரியும்வரை நடந்துகொண்டே இருந்தார். புல் நிமிர்ந்ததும் கோடு போய்விட்டது. ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மட்டும் இருக்கிறது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் சால் லெவிட் என்ற அமெரிக்கக் கலைஞர் சுவரில் பென்சிலால் வரைந்தார். கண்காட்சி முடிந்ததும் அதன்மேல் வெள்ளையடித்தார்கள். அங்கே தங்கியது ஒரு விதி. எங்கே வேண்டுமானாலும், யார் வேண்டுமானாலும் அந்த விதிப்படி மறுபடி வரையலாம். நம் வாசல் கோலத்தில் புகைப்படமும் தங்குவதில்லை, எழுதிய விதியும் பெரும்பாலும் இருப்பதில்லை. தங்குவது கையின் பழக்கம். புகைப்படம், விதி, பழக்கம் ஆகிய மூன்றில் எதை மிச்சம் வைக்க விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டால் பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

பென்சில்

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். காரணம், மேலே சொன்ன சுவருக்கு என் முதல் தேர்வு இதுவே.

1968 அக்டோபரில் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் பாலா கூப்பர் தன் கேலரியைத் திறந்தார். முதல் கண்காட்சியே வியட்நாம் போரை எதிர்த்த மாணவர் அமைப்புக்கு நிதி திரட்டுவதற்காக. அங்கே லெவிட் தன் முதல் சுவர் வரைவைச் செய்தார். செங்குத்து, கிடை, இரண்டு பக்கச் சாய்வுகள் என நான்கே திசைகளில் மெல்லிய பென்சில் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. தள்ளி நின்றால் சுவரில் லேசான சாம்பல் நிறம் படிந்ததுபோல் இருக்கும். கிட்டே போனால்தான் அத்தனையும் தனித்தனிக் கோடுகள் என்று தெரியும். அதன்பின் அவர் 1,200-க்கும் மேற்பட்ட சுவர் வரைவுகளைத் திட்டமிட்டார். அவற்றில் பெரும்பாலானவற்றை வரைந்தவை மற்றவர்களின் கைகள். வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும் ஒரு வரைபடமும். சுவர் அவருடையதே, கோடு எந்த நாளும் அழியலாம். எண்ணமே கலையை உருவாக்கும் இயந்திரம் என்று 1967-இல் ஒரு கட்டுரையில் அவர் எழுதினார். அந்த வாக்கியத்தைக் குளிர்ச்சியான கோட்பாடாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது மிகவும் தாராளமான வாக்கியம். படைப்பைத் தன் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளாமல் அடுத்தவர் கைக்குக் கொடுத்துவிடத் துணிந்த மனிதர் அவர்.

அவருடைய 118-ஆவது சுவர் வரைவு 1971-இல் பாஸ்டனில் ஓவியப் பள்ளி மாணவர்கள் வரைவதற்கென்று எழுதப்பட்டது. சாரம் இதுதான்: சுவர் முழுவதும் பரவலாக, தோன்றிய இடங்களில் 50 புள்ளிகள் வையுங்கள், ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணையுங்கள். கேட்க எளிது. கணக்குப் போட்டால் 1,225 கோடுகள். முதல் பத்து கோடுகள்வரை பேச்சும் சிரிப்புமாகப் போகும். நூறாவது கோட்டில், எந்தப் புள்ளியை எதோடு இணைத்தோம் என்று குறித்துவைக்க ஒருவர் தேவை என்பது புரியும். அதன் பிறகு வேலை தானாகப் பங்காகும். ஒருவர் அளவுகோலைப் பிடிக்க, ஒருவர் இழுக்க, ஒருவர் நோட்டில் டிக் அடிக்க. ஒரு வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியாது. 50 புள்ளி அதிகம் என்றால் 20 போதும். 190 கோடுகள் வரும். ஒரு கோட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் ஒரு ஜோடிக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நான்கு ஜோடி இருந்தால் ஒரு மதியத்தில் முடியும்.

நேர்கோடே வேண்டும் என்றும் இல்லை. லெவிட்டின் நெருங்கிய தோழியான சிற்பி ஈவா ஹெஸ்ஸே 1970 மே மாதம் 34 வயதில் காலமானார். அப்போது பாரிஸில் ஒரு கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்த லெவிட், அதுவரை தான் பயன்படுத்தாத கோட்டைக் கையில் எடுத்தார். செங்குத்தான கோடுகள், நேராக இருக்கக் கூடாது, ஒன்றையொன்று தொடக் கூடாது, சுவர் முழுதும் சீராகப் பரவ வேண்டும். ஹெஸ்ஸேயின் நினைவாகச் செய்த 46-ஆவது சுவர் வரைவு அது. வளைந்து நெளியும் கயிறுகளோடும் குழாய்களோடும் வேலை செய்தவர் ஹெஸ்ஸே. அவருடைய கையின் நடுக்கத்தைத் தன் கறாரான விதிக்குள் லெவிட் இடம் கொடுத்து வைத்துக்கொண்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன். மிகக் குறைந்த கூறுகளே போதும் என்னும் மினிமலிசக் கலை உணர்ச்சியற்றது என்று யாராவது சொன்னால் இந்தச் சுவரைத்தான் சுட்டிக்காட்டுவேன். நடைமுறையிலும் இது நல்லது. அளவுகோல் வேண்டாம், ஆறாம் வகுப்புக் குழந்தையும் வரையலாம், கை அசைந்தால் அது பிழையாகாது.

இனி சில்லறை விஷயங்கள். டிஸ்டெம்பர் சுவரின் லேசான சொரசொரப்பு பென்சிலைப் பிடித்துக்கொள்ளும். பளபளப்பான எமல்ஷனில் பென்சில் வழுக்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் தூள் உதிர்ந்து முனையில் அடைத்துக்கொள்ளும், நாலு கோட்டுக்கு ஒரு முறை துடைக்க வேண்டியிருக்கும். எச்.பி. பென்சில் பரவாயில்லை, 2எச் இன்னும் நல்லது. 6பி போன்ற மென்மையான பென்சில் கறுப்பாகத் தெரியும் என்று ஆசைப்பட்டு எடுத்தால், நூலகத்தில் சுவரில் சாய்கிற அத்தனை தோளிலும் கரி ஒட்டும். நீண்ட நேர்கோட்டுக்குக் கொத்தனாரின் அலுமினிய மட்டக்கட்டையை ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் அவரிடமே இருக்கும். உயரத்தில் வரைய ஏணி வேண்டும். ஏணியில் பெரியவர்கள் மட்டும் ஏற வேண்டும்.

அழிப்பது எளிது. காய்ந்த துணியால் தூளைத் தட்டிவிட்டு, இரண்டு கோட் அடித்தால் மறைந்துவிடும். ஈரத்துணி வேண்டாம், இழுகிக் கறையாகிவிடும். பென்சிலுக்குப் பதில் மார்க்கரோ பால்பாயின்ட் பேனாவோ எடுத்தால் நிலைமை வேறு. அந்த மை நீரில் கரையும் பெயின்டின் வழியே மேலே கசிந்து வந்துகொண்டே இருக்கும், எத்தனை கோட் அடித்தாலும் நிழல்போல் தெரியும். அடுத்த மாதம் சுவரைத் திருப்பித் தர வேண்டியவர்கள் பேனாவைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பென்சிலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது தூரத்திலிருந்து தெரியாது. கைபேசியில் படம் எடுத்தால் வெறும் சுவர்தான் வரும். வாசலில் நுழைந்ததும் எல்லோரும் வியக்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் பென்சில் உங்களை ஏமாற்றும். என்னைக் கேட்டால், கிட்டே வந்து பார்த்தால்தான் உண்டு என்ற அந்தப் பிடிவாதம் ஒரு நூலகத்துக்குப் பொருந்தும்.

நூல்

அறையே படைப்பாக மாற வேண்டும் என்றால் நூலுக்கு நிகர் இல்லை. அமெரிக்காவின் ஃப்ரெட் சேண்ட்பேக் 1966-இல் கொஞ்சம் கயிறும் சிறிது கம்பியும் எடுத்து, தரையில் கிடக்கும் ஒரு மரக்கட்டையின் விளிம்புகளை மட்டும் காற்றில் வரைந்தார். கட்டை இல்லை, விளிம்பு உண்டு. பின்னர் அக்ரிலிக் கம்பளி நூலுக்கு மாறி, கூரையிலிருந்து தரைக்கும் சுவரிலிருந்து சுவருக்கும் இழுத்துக் கட்டினார். நியூயார்க் மாநிலத்தில் பழைய அட்டைப்பெட்டி அச்சகத்தை அருங்காட்சியகமாக்கிய டியா பீக்கனில் அவருடைய நூல்கள் இருக்கின்றன. செங்குத்தாக நிற்கும் ஒரு நூல் செவ்வகத்தின் முன் மனிதர்கள் அனிச்சையாகத் தயங்கி நிற்பார்கள், கண்ணாடிக் கதவு ஒன்று அங்கே இருப்பதைப்போல. நடுவில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை என்று அறிவுக்குத் தெரிந்தும் கால் நகராது. ஒரு ரூபாய் பொருளைக் கொண்டு மனித உடம்பிடம் இப்படிப் பேச முடிகிறது என்பது என்னை ஒவ்வொரு முறையும் அசைத்துவிடுகிறது.

சேண்ட்பேக் கம்பளி நூலைப் பிடித்துக்கொண்டதற்கு அதன் மேற்பரப்பு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். மெல்லிய மயிர் எழும்பியிருப்பதால் வெளிச்சம் பட்டு மின்னாது. ஓரம் லேசாகக் கலங்கி, பென்சில் கோடுபோலவே தெரியும். ஸ்வெட்டர் பின்னும் நூல் நம் ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைக்கிறது. பட்டம் விடும் நூலும் நைலானும் மின்னும். பூ கட்டும் பருத்தி நூல் மழைக்காலத்தில் ஈரம் குடித்து இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும். காலையில் நேராக இருந்தது மாலையில் தொய்ந்திருக்கலாம்.

ஆனாலும் மேலே சொன்ன நூலகத்துக்கு நூலை நான் சொல்ல மாட்டேன். முதல் காரணம் மின்விசிறி. நம் ஊரில் கூரை விசிறி இல்லாத வாசிப்பறை இல்லை, அதை நிறுத்திவைக்கச் சொல்லவும் முடியாது. காற்றில் அதிரும் கோடு அசையாத தளமாக ஒருபோதும் தோன்றாது. அந்த மாயம் போய்விட்டால் மிஞ்சுவது துணி காயப்போடும் கொடி. இரண்டாவது காரணம் ஓடும் பிள்ளைகள். கணுக்கால் உயரத்தில் ஒரு நூலும் கழுத்து உயரத்தில் ஒரு நூலும் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபத்துதான். மூன்றாவது, கூரையிலும் தரையிலும் துளை போட வேண்டும். அந்தத் துளைகளை அடைக்கும் வேலை பெயின்டருடையது ஆகாது, கொத்தனாருடையது. வாடகை வீட்டில் இது பெரிய விஷயம்.

ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலை, விசிறி எட்டாத இடம், பெரியவர்கள் மட்டும் வரும் அறை என்று இருந்தால் என் பதில் மாறும். அப்போது ஒரே ஒரு நூல் போதும், இரண்டு சுவர் சந்திக்கும் மூலையைக் குறுக்காக வெட்டும்படி. இரண்டாவது நூலைச் சேர்க்கும் முன் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

டேப்

பலரும் முதலில் நினைப்பது இதைத்தான். சிக்கலும் இதில்தான் அதிகம்.

டேப்பைத் தன் வாழ்நாள் கோடாக ஆக்கிக்கொண்டவர் போலந்தின் எட்வர்ட் க்ராசின்ஸ்கி. 1968 முதல் 19 மில்லிமீட்டர் அகல நீல டேப் ஒன்றை எடுத்து, தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் சுவர், கதவு, பொருள், மனிதர் என்று எதிர்ப்பட்டவற்றின் குறுக்கே ஒட்டிக்கொண்டே போனார். வார்சாவில் அவர் வாழ்ந்த ஸ்டூடியோவில் இன்றும் அந்தக் கோடு ஓடுகிறது. அகலமும் உயரமும் மாறவில்லை. மாறாத அந்த இரண்டு எண்களால்தான், கடையில் வாங்கிய டேப் அவர் கையெழுத்தாகிவிட்டது. விதியின் வலு என்ன என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு கிடையாது.

நம் சூட்டில் டேப்பின் பசை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எலக்ட்ரீஷியன் டேப் வெயில் படும் சுவரில் சில நாட்களில் நழுவத் தொடங்கி, பிசுபிசுப்பான தடத்தை விட்டுப்போகும். காகித மாஸ்கிங் டேப்பைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் சுத்தமாக வரும். வாரக்கணக்கில் விட்டால் பசை இறுகி, உரிக்கும்போது டிஸ்டெம்பரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்புச் சுவரில் அது சரியாக ஒட்டவே செய்யாது. செலோ டேப் மஞ்சளாகும். ஆக, ஒரு மாதச் சுவருக்கு டேப் வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாள் நிகழ்ச்சி, கண்ணாடி ஜன்னல் அல்லது டைல்ஸ் தரை என்றால் தாராளமாக எடுங்கள். அங்கே டேப்பைவிட வேகமானது இல்லை, தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும்.

கம்பி

அமெரிக்கக் கலைஞர் ரிச்சர்ட் டட்டிலின் கம்பி வரைவுகளை இங்கே சேர்ப்பதற்குக் காரணம், லெவிட் போன பாதைக்கு நேர் எதிரில் அவை நிற்கின்றன. 1972 வாக்கில் அவர் சுவரில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். பூ அலங்காரக்காரர்கள் பயன்படுத்தும் மெல்லிய கம்பியை அந்தக் கோட்டின் மேலேயே வளைத்துப் பொருத்தி, முனைகளை ஆணியால் நிறுத்தி, பிறகு கையை எடுத்துவிடுவார். கம்பி தன் இயல்பில் துள்ளி விலகும். அதன் நிழல் சுவரில் விழும். பென்சில் கோடு, கம்பி, நிழல் என்று மூன்று கோடுகள், மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல். எது வரைந்தது, எது பொருள், எது வெளிச்சம் என்று பிரித்துக்கொண்டே நேரம் போவது தெரியாது.

ஆனால் அதை ஒவ்வொரு முறையும் அவரே வரைய வேண்டும். காகிதத்தில் எழுதிக் கொடுத்து இன்னொருவரைச் செய்யச் சொல்ல முடியாது. அதன் உயிர் அந்த ஒரு கையின் ஓட்டத்தில் இருக்கிறது. தனியாக வேலை செய்பவர், படுக்கையறைச் சுவர், ஒரே பக்கமிருந்து விழும் விளக்கு என்றால் முயன்று பாருங்கள். கட்டடக் கடையில் கிடைக்கும் கட்டுக்கம்பி மட்டும் வேண்டாம். சூடாக்கி மென்மையாக்கப்பட்ட கம்பி அது, வளைத்த இடத்திலேயே படுத்துக்கொள்ளும். டியூப்லைட் வரிசையாக எரியும் அறையிலும் வேண்டாம், நிழல் சிதறிவிடும். இருபது பிள்ளைகள் காத்திருக்கும் வகுப்புக்கு இது எந்த வகையிலும் ஆகாது.

கோலமாவு

வார இதழ்களின் கோலப் பக்கத்தில் படத்துக்குக் கீழே இருக்கும் அந்த ஒற்றை வரியை நினைத்துப் பாருங்கள். “13 முதல் 7 வரை, ஊடு புள்ளி.” நடு வரிசையில் 13 புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 7-இல் நிற்கும், ஒவ்வொரு வரிசையும் முந்தையதன் இடைவெளியில் உட்காரும். மொத்தம் 127 புள்ளிகள். இவ்வளவையும் ஐந்தாறு சொல் சொல்லிவிடுகிறது. அதைப் படித்து ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் தூத்துக்குடியில் ஒருவரும் ஒரே காலையில் ஒரே கட்டத்தைப் போட முடியும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களைக் கணிதவியலின் இலக்கண விதிகளால் விளக்கும் ஆய்வை வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியே ஒரு கோலத்தை முழுவதுமாக உருவாக்கிவிடலாம் என்று காட்டிய ஆய்வு அது. விதியிலிருந்து படம் பிறக்கிறது என்ற எண்ணத்தை நம் மாணவர்களுக்குப் புரியவைக்க நியூயார்க் வரை போக வேண்டியதில்லை.

அதற்காகக் கோலத்தையும் லெவிட்டையும் ஒன்றென்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. லெவிட்டின் கோட்டை வரைபவர் விதியைப் பின்பற்றினால் போதும். கோலத்துக்குக் கை பழகியிருக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு எவ்வளவு இறங்குகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் கற்ற விரல்கள்தான் சிக்குக் கோலத்தின் வளைவை ஒரே தடிமனில் கொண்டுபோக முடியும். பழகாதவர் கையில் அது புள்ளிக்குப் புள்ளி திட்டுத்திட்டாக விழும். அதோடு, இது வாழும் வழக்கம். மார்கழியில் ஒரு வாசலில் போடுவதற்கு வீட்டாருக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துச் சுவரில் ஒட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

பொருளாகப் பார்த்தால் மாவு தரைக்கானது. சுவரில் நிற்காது. அரைத்த மாவைக் கரைத்து இழுக்கும் மாக்கோலம் சுவரிலும் பிடிக்கும், ஆனால் காய்ந்த பின் பொருக்காகிவிடும். பெயின்ட் அடிக்கும் முன் சுரண்ட வேண்டும். நூலகத்துக்குள் அரிசி மாவு கொண்டுபோனால் எறும்பு வரும், எறும்புக்குப் பின் புத்தக அலமாரி பற்றிய கவலை வரும். கடைகளில் கோலப்பொடி என்று விற்பது பெரும்பாலும் கல்மாவு. எறும்பு வராது, ஆனால் மூடிய அறையில் விசிறிக் காற்றில் அந்தத் தூசி புத்தகங்கள் மேல் படியும்.

ஒரு நாள் மட்டும், திறந்த முற்றத்தில், என்றால் என் தேர்வு தயக்கமில்லாமல் மாவுதான். அதுவும் அரிசி மாவு. காலையில் போட்டு, நாள் முழுதும் மிதிபட விட்டு, மாலையில் பெருக்கினால் போதும். எப்படிப் போகும் என்ற கேள்விக்கு அது பிறக்கும்போதே பதில் வைத்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: புள்ளி வைக்கும் வேலையை மாணவிகளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வகுப்பில் இருக்கும் எல்லாக் கையும் மாவைத் தொடட்டும்.

தண்ணீர்

பெய்ஜிங்கின் கலைஞர் சாங் டாங் 1995 முதல் ஒரு கல்லின் மேல் தூரிகையால் தண்ணீரில் நாட்குறிப்பு எழுதிவருகிறார். எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும். காகிதமும் மையும் வீணாகக் கூடாது என்று, தண்ணீரில் எழுதிப் பழகும்படி சிறுவயதில் அவருடைய அப்பா சொன்னதில் தொடங்கிய பழக்கம் அது. வறுமையில் பிறந்த சிக்கனம் ஒரு வாழ்நாள் படைப்பாக மாறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை எழுகிறது.

கடப்பாக் கல்லின் சொரசொரப்பான பக்கமும் ஒரு பழைய தூரிகையும் இருந்தால் நாமும் செய்யலாம். ஈரம் பட்ட இடம் கறுத்து, கோடு துல்லியமாகத் தெரியும். சித்திரை வெயிலில் சில நிமிடங்களில் போய்விடும். சுவருக்கு மாற்று இது ஆகாது, கண்காட்சியும் ஆகாது. இது வரைபவருக்கு மட்டுமானது. ஆனால் பென்சில் வேலை தொடங்கும் முன் பிள்ளைகளை அரை மணி நேரம் தண்ணீரில் வரையவிட்டுப் பாருங்கள். அழியுமே என்ற பயம் அதில் தெளிந்துவிடும்.

முடிவு எப்படி எடுப்பது

ஒரு மாதம், உட்சுவர், பல கைகள் என்றால் பென்சில். பெரியவர்கள் மட்டும் வரும் அமைதியான மூலை என்றால் நூல். இரண்டு நாள் என்றால் டேப். தனி ஆள், ஒற்றை விளக்கு என்றால் கம்பி. ஒரு பகல், திறந்த தரை என்றால் மாவு. இவற்றில் எதை எடுத்தாலும் விதி உங்களுடையதாக இருக்கட்டும். லெவிட்டின் வரியை வகுப்பில் பயிற்சிக்காக வரைந்து பார்க்கலாம். அதை லெவிட் படைப்பு என்று பெயர்ப்பலகை வைத்துக் காட்ட முடியாது. சான்றிதழ் இல்லாமல் அது அவருடையது ஆகாது, நகலெடுத்ததால் உங்களுடையதும் ஆகாது.

விதி எழுதுவதுதான் உண்மையான வேலை, அதற்கு நேரம் ஒதுக்குங்கள். நல்ல விதி ஒரே வாக்கியத்தில் அடங்கும், வேறொருவர் படித்து உங்களிடம் கேள்வி கேட்காமல் தொடங்க முடியும், ஆனால் முடிவு எப்படி இருக்கும் என்று எழுதியவருக்கே முழுதாகத் தெரியாது. “அழகான வளைகோடுகள் வரைக” என்பது விதி ஆகாது, ‘அழகான’ என்பதை யாரும் அளக்க முடியாது. “ஜன்னல் வழியே சுவரில் விழும் வெயிலின் விளிம்பை, பள்ளி மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் பென்சிலால் வரைக” என்பது விதி. முதல் நாள் சில சாய்ந்த கட்டங்கள் வரும். மாதம் முடிவதற்குள் சூரியன் வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்திருக்கும், கட்டங்களும் சேர்ந்து நகரும், மேகம் மூடிய நாள் இடைவெளியாக நிற்கும். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்த ஒன்றை ஒரு 2எச் பென்சில் சுவரில் காட்டிவிடும். மேற்கு அல்லது கிழக்கு ஜன்னல் உள்ள நூலகத்துக்கு இதையே பரிந்துரைப்பேன். ஜன்னல் வடக்கே மட்டும் என்றால் ஆண்டின் பல மாதங்களில் வெயில் நேராக உள்ளே வராது. அப்போது 20 புள்ளிகளுக்குத் திரும்பிவிடுங்கள்.

தொடங்கும் முன் பெயின்டரிடம் தேதியை உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தத் தேதியைச் சுவருக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டையில் முதல் நாளே எழுதிவிட வேண்டும். எப்போது போகும் என்று தெரிந்தால்தான் பார்க்க நினைத்தவர்கள் அதற்குள் வந்து பார்ப்பார்கள். அதே அட்டையில் விதியும் இருக்க வேண்டும். லெவிட்டின் சுவர் வரைவுகளுக்கான குறிப்புகளில், முதன்முதலில் அதை வரைந்தவர்களின் பெயர்கள் இடம்பெறும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விதி எழுதியவர் பெயர் ஒரு வரி, அதன் கீழே அளவுகோல் பிடித்தவர் முதல் நோட்டில் டிக் அடித்தவர் வரை அத்தனை பேரின் பெயரும், இனிஷியலோடு, விடாமல்.